மேட்டின் மேல் குருசு

1

என்னிடம் ஒரு படத் தபால் அட்டை இருக்கிறது. கறுப்பு வெள்ளை. புல் மூடிய நீளமான ஒரு மேடு. அதன் உச்சியில் சிறிய கற்கோயில்; அதையொட்டித் தனியாக ஒரு கற்சிலுவை. நம் பக்கத்து ஊர்களில் குருசடி என்பார்களே, அதைக் கொஞ்சம் பெரிதாக்கிக் கொண்டுபோய் வானத்துக்கு எதிரே நிறுத்தினாற்போல. கீழே பிரெஞ்சில் கர்னாக் என்று ஊரின் பெயரும், மிக்கேல் சம்மனசின் மேடு என்று இடத்தின் பெயரும் அச்சாகியிருக்கின்றன.

1974இல் என் நண்பன் அனுப்பியது. புதுச்சேரிக்காரன், கவிஞன். அவனுடைய அண்ணன் பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக இருந்தார். அண்ணனைப் பார்க்கப் போன இடத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து இந்த மேட்டைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான். அட்டையின் பின்பக்கம் நலம் விசாரிப்புக்கூடக் கிடையாது. ஒரே ஒரு வரி: ‘மேலே இருப்பது தெரிகிறது, கீழே இருப்பது?’

கர்னாக் என்றதும் எகிப்து என்று எண்ணிக்கொண்டு, பாலைவனத்தில் எப்படிப் புல் என்று யோசித்தவன் நான். அப்புறம்தான் தெரிந்தது, இது பிரான்ஸின் மேற்குக் கோடியில், பிரிட்டனி பிரதேசத்தில், அட்லாண்டிக் கரையோரமாக உள்ள ஊர் என்பது. நட்டுவைத்த கற்கள் ஆயிரக்கணக்கில் வரிசையாக நிற்கும் ஊர். அந்த வரிசைகளைப் பார்க்கத்தான் உலகம் அங்கே போகிறது. என் நண்பன் அவற்றின் படத்தை அனுப்பவில்லை. மேட்டை அனுப்பினான்.

ஐம்பது வருஷத்துக்குப் பிறகு அந்த அட்டையை நான் மறுபடி எடுத்துப் பார்க்க ஒரு காரணம் இருக்கிறது. அவனுடைய கவிதைகள் சம்பந்தப்பட்ட காரணம். அதற்குப் பின்னால் வருகிறேன். முதலில் மேடு.

2

மேடு இயற்கையானது அல்ல. மனிதர்கள் கட்டியது. நீளம் சுமார் 125 மீட்டர், அகலம் 60 மீட்டர், உயரம் 10 மீட்டருக்குக் குறையாது. கல்லையும் மண்ணையும் சுமந்து கொட்டி எழுப்பியிருக்கிறார்கள். உள்ளே கல்லறை. காலம் கி.மு. 4500 வாக்கில், அதாவது எகிப்தின் பெரிய பிரமிடுக்கு ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷம் முந்தையது. மேலே உள்ள கோயில் 1663இல் கட்டப்பட்டது. பின்னர் இருபதாம் நூற்றாண்டின் இருபதுகளில் திரும்பக் கட்டப்பட்டது. ஆக, படத்தில் நமக்குப் புராதனமாகத் தோன்றும் கற்கோயிலுக்கு வயது நூறு. அது நிற்கும் ‘குன்றுக்கு’ வயது ஆறாயிரத்து ஐந்நூறு.

இப்படி ஒரு காட்சியைக் கண்டதும் இரண்டு கட்சிகள் உருவாகிவிடுகின்றன. ஒன்று, இது ஆக்கிரமிப்பு என்கிறது. பழைய மரணத்தின் மீது புதிய மதம் கொடி நட்டுவிட்டது. சிலுவையை எடு, மேடு மூச்சுவிடும் என்கிறது. மற்றது, இது தொடர்ச்சி என்கிறது. புனிதம் இடம் மாறுவதில்லை, பெயர்தான் மாறுகிறது. அன்று ஈமச்சடங்கு, இன்று பூசை, இரண்டும் ஒரே ஆன்மத் தேடல் என்கிறது.

இந்த இரண்டு கட்சிகளையும் தமிழில் நாம் நன்றாக அறிவோம். ஒரு பெருங்கோயிலைப் பார்த்தால் ஒருவர் அதன் அடியில் நசுங்கிய கிராம தெய்வத்தைத் தேடுவார். அடுத்தவர், அந்தக் கிராம தெய்வம்தான் வளர்ந்து கோபுரமாயிற்று என்பார். இருவருமே கோயிலைப் பார்ப்பதில்லை. கையில் தயாராக வைத்திருக்கும் ஒரு சூத்திரத்தை எதிரே தெரியும் கல்லில் சரிபார்த்துக்கொள்கிறார்கள். நம் இலக்கிய விமர்சனத்தில் பெரும் பகுதி இந்தச் சரிபார்ப்புதான்.

இரு கட்சியும் ஆதாரமாகக் காட்டக்கூடிய ஒரு கடிதம் உண்டு. 601இல் போப் முதலாம் கிரகோரி, இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்த மெல்லிட்டஸ் என்ற துறவிக்கு எழுதியது. அங்குள்ளவர்களின் கோயில்களை இடிக்க வேண்டாம். விக்கிரகங்களை மட்டும் அகற்றிவிட்டு, தீர்த்தம் தெளித்து, அந்தக் கட்டடங்களையே ஆலயங்களாக்கிக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். தந்திரம் என்று ஒருவர் இதைப் படிக்கலாம். கருணை என்று இன்னொருவர் படிக்கலாம். ஆனால் அந்தக் கடிதம் பேசுவது உயிரோடு இருக்கும் ஒரு வழிபாட்டைப் பற்றி. நேற்றுவரை ஒரு தெய்வத்தைக் கும்பிட்டவனை நாளை வேறொன்றைக் கும்பிட வைப்பது பற்றி.

கர்னாக்கில் அப்படி யார் இருந்தார்கள்? மேட்டைக் கட்டியவர்களுக்கும் 1663இல் அதன்மேல் கோயில் கட்டியவர்களுக்கும் நடுவே ஆறாயிரம் வருஷம் கிடக்கிறது. அதற்குள் வெண்கலம் வந்தது, இரும்பு வந்தது. ரோமானியர்கள் வந்து, மேட்டுக்குக் கிட்டத்திலேயே மாளிகை கட்டி வாழ்ந்து, இல்லாமற் போனார்கள். கடல் தாண்டி பிரித்தானியத் தீவிலிருந்து ஜனங்கள் வந்து குடியேறி, அந்த மண்ணுக்குத் தங்கள் பெயரையும் மொழியையும் கொடுத்தார்கள். கல்லறையின் நினைவு எத்தனையோ தடவை அறுந்துவிட்டது. அறுந்துவிட்டது என்பதற்கு அந்த ஊரின் கதையே சாட்சி. கர்னாக்கின் காவல் புனிதர் கொர்னேலி, கால்நடைகளுக்குப் பாதுகாவலர். அவரை ரோமானியப் படை விரட்டிவந்ததாம். கடல் குறுக்கிடவே, அவர் திரும்பிப் பார்த்தாராம். படை முழுதும் கல்லாயிற்றாம். அந்த வரிசைதான் இந்த வரிசை. கல்லை நட்டவனைப் பற்றிய ஞாபகத்தின் நிழல்கூட இந்தக் கதையில் இல்லை. ரோமானியனே நட்டவனுக்கு நாலாயிரம் வருஷம் பின்னால் வந்தவன்.

ஆகவே மேட்டில் கோயில் கட்டியவர்கள் எதிரியின் சமாதியில் கொடி நடவில்லை. மூதாதையின் சமாதியில் விளக்கேற்றவும் இல்லை. அவர்கள் கண்டது ஒரு குன்று. தட்டையான கடற்கரை நிலத்தில் ஒரே ஒரு உயரம். மிக்கேல் சம்மனசு உயரங்களுக்கு உரியவர். ஐரோப்பா முழுக்க அவருக்குக் குன்றுகளின்மேல்தான் கோயில். அதனால் அங்கே வைத்தார்கள். அவ்வளவுதான். இறந்தவர்களின் ஆத்துமாக்களைத் தராசில் நிறுப்பவரும் அவரே என்பதால், கீழே இருந்த பெயரில்லாத பிணத்துக்கும் அவருக்கும் ஒரு பொருத்தம் அமைந்துவிட்டது. நம் கண்ணுக்கு இது அற்புதமான குறியீடு. கட்டியவர்களுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. தற்செயலில் அமைந்த பொருத்தத்தை உத்தேசம் என்று எழுதுவது விமர்சனத்தின் பழைய வியாதி.

அதே மேட்டில் ஜூன் 23 இரவு, அருளப்பர் திருநாளுக்கு முந்தைய இரவில், பெருநெருப்பு மூட்டும் வழக்கமும் இருந்தது. தொடர்ச்சிக் கட்சி இங்கே துள்ளிக் குதிக்கும்: சூரிய வழிபாடு! ஆனால் அந்த இரவில் பிரிட்டனி எங்குமே உயரமான இடங்களில் நெருப்பு மூட்டினார்கள். நாலு ஊருக்குத் தெரிய வேண்டிய நெருப்பு மேட்டுக்குத்தான் ஏறும்.

எல்லாச் சிலுவையும் இப்படி அறியாமல் வைத்தது என்று நான் சொல்ல வரவில்லை. அதே பிரிட்டனியின் வடகரையில் ஸாங் உஸெக் என்ற இடத்தில் ஏழு மீட்டருக்கு மேல் உயரமான நடுகல் ஒன்று நிற்கிறது. 1674இல் அதன் உடம்பில் ஆணி, சுத்தியல், ஏணி, முள்முடி என்று பாடுகளின் சின்னங்களைச் செதுக்கி, தலையில் ஒரு சிலுவையையும் வைத்தார்கள். அது தெரிந்து செய்தது. கல்லைக் கல்லாக விட்டுவைக்க மனம் இல்லாமல் செய்தது. அங்கே ஆக்கிரமிப்பு என்ற சொல் பொருந்தும். பதினோரு வருஷ இடைவெளியில், ஒரே பிரதேசத்தில், ஒரே மதம் செய்த இரண்டு காரியங்கள், இரண்டும் ஒன்றல்ல. இந்த வித்தியாசத்தைச் சொல்ல முடியாத சூத்திரம் எதற்கு உதவும்?

3

இந்தக் கற்களிடம் வந்த எழுத்தாளர்களில் ஃப்ளாபேர் ஒருவர். 1847இல், இருபத்தைந்து வயதில், நண்பர் மக்ஸீம் து கானோடு பிரிட்டனியில் ஊர் ஊராக நடந்தார். கர்னாக் பற்றி எழுதிய பகுதியை மட்டும் 1858இல் ஒரு பத்திரிகையில் வெளியிட்டார். பண்டிதர்களின் வியாக்கியானங்களை ஒவ்வொன்றாக எடுத்து, மரியாதையாகவே வரிசைப்படுத்தி, வரிசையாலேயே கொன்றுபோடுகிறார். பாம்பு வழிபாட்டுக் கோயில் என்றவர்கள், சீஸரின் பாளையம் என்றவர்கள், எல்லோரும் வருகிறார்கள். கடைசியில் தன் அபிப்பிராயத்தைச் சொல்கிறார்: இவை பெரிய கற்கள்.

முதல் தடவை இதைப் படித்தபோது நானும் கை தட்டினேன். விமர்சகனுக்கு இதைவிட நல்ல குளியல் கிடையாது. ஆனால் இப்போது அந்தச் சிரிப்பில் ஒரு அவசரம் இருப்பதாகப் படுகிறது. தப்பான அர்த்தங்களைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது அர்த்தமற்ற கல் என்று முடிவு கட்டுவதும் ஒரு வியாக்கியானம்தானே. ‘கவிதை என்பது வெறும் சொற்கள்’ என்று நம்மிடையே சிலர் ஒரு காலத்தில் சொல்லித் திரிந்தோமே, அதன் மூலப்பிரதி இது. சொல்லிவிட்டுச் சாவகாசமாகக் காபி குடிக்கப் போகலாம். தோண்ட வேண்டியதில்லை.

ஃப்ளாபேரின் கட்டுரை அச்சாகி நாலு வருஷத்தில், 1862இல், ரெனே கால் என்பவர் மிக்கேல் மேட்டைத் தோண்டினார்.

4

நடுவே ஒரு கல்லறை அகப்பட்டது. அதில் 39 கற்கோடரிகள். பச்சை மணிகள், பதக்கங்கள். கோடரிகளில் பெரியவை ஜேட் எனப்படும் பச்சைக் கல்லில் செய்து, கண்ணாடிபோல இழைக்கப்பட்டவை. மரம் வெட்டியதற்கான தேய்மானம் இல்லை. வெட்டுவதற்காகச் செய்யப்பட்டவையும் இல்லை.

இந்தக் கல் எங்கிருந்து வந்தது என்பது வெகுநாள் கேள்வியாக இருந்தது. பிரிட்டனியில் ஜேட் கிடையாது. பெத்ரெக்கேன் என்ற பிரெஞ்சுத் தம்பதி நியூ கினியாவுக்குப் போய், அங்கே அப்போதும் கற்கோடரி செய்துகொண்டிருந்தவர்களிடம் இருந்து, எப்படிப்பட்ட கல்லை எங்கே போய்த் தேடுவார்கள், எவ்வளவு உயரம் ஏறுவார்கள் என்று பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். அந்த அறிவோடு ஆல்ப்ஸ் மலையில் ஏறி, 2003இல், இத்தாலியப் பக்கத்து மோன்டே விஸோவில், இரண்டாயிரம் மீட்டர் உயரத்துக்கு மேல், அந்தப் பழைய கல் எடுத்த இடங்களைக் கண்டார்கள். நேர்கோட்டில் அளந்தாலே கர்னாக்கிலிருந்து எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல். பச்சை மணிகளின் கல்லோ ஸ்பெயினிலிருந்து வந்தது. சக்கரம் தெரியாத காலம்.

பெரிய கற்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தால் இது எதுவும் தெரிந்திராது. தோண்டுவதை நான் குறைவாக மதிக்கவில்லை என்பதற்காக இதை விஸ்தாரமாகச் சொல்கிறேன். கல் எந்த மலையில் பிறந்தது என்று கேட்பது மேலான விமர்சனம். ஒரு சொல் எங்கிருந்து, எவர் கை வழியாக வந்து இந்த வரியில் உட்கார்ந்தது என்று கேட்பது போன்றது அது.

ஆனால் தோண்டுகிறவனுக்கும் ஓர் எல்லை இருக்கிறது. பிரிட்டனியின் கருங்கல் மண் அமிலம் மிகுந்தது. எலும்பு அதில் பெரும்பாலும் கரைந்துவிடுகிறது. இவ்வளவு பெரிய மேட்டை எழுப்பி, இவ்வளவு தூரத்துக் கல்லைக் கொண்டுவந்து வைத்தது யாருக்காகவோ, அவர் யாரென்று சொல்ல இன்று எதுவும் இல்லை. பெயர் இல்லை, எழுத்து இல்லை. கோடரிகளை மேட்டிலிருந்து எடுத்து வான் என்ற ஊரின் அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். என் நண்பனின் அண்ணன் முகாம் இருந்த ஊரும் அதுவே. நண்பன் அந்தக் கண்ணாடிப் பெட்டியையும் பார்த்திருப்பான் என்று நினைக்கிறேன். அட்டையில் அதைப் பற்றி எழுதவில்லை.

கால் என்பவருக்குப் பிறகு 1900க்கும் 1907க்கும் நடுவே மேட்டை விரிவாகத் தோண்டியவர் ஸகாரி லெ ரூஸிக். உள்ளூர்க்காரர். ஜேம்ஸ் மில்ன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் கர்னாக்கில் வந்து தங்கித் தோண்டியபோது சிறுவனாக அவருக்குக் கையாளாக இருந்தவர். மில்ன் 1881இல் இறந்த பிறகு, அவர் சேகரிப்புகளைக் கொண்டு அமைந்த அருங்காட்சியகத்தைப் பல்லாண்டு கவனித்தார். இன்று அது இருவர் பெயரையும் தாங்கி நிற்கிறது. லெ ரூஸிக் பக்கவாட்டில் சுரங்கம்போல வழி குடைந்து உள்ளே போனார். மேலிருந்த கோயிலைக் கை வைக்கவில்லை. கீழேயும் வேலை நடந்தது, மேலேயும் பூசை நடந்தது.

இதே லெ ரூஸிக் புகைப்படக்காரரும்கூட. கர்னாக்கின் படத் தபால் அட்டைகளைத் தம் பெயரில் வெளியிட்டவர். மேட்டின் வயிற்றுக்குள் போய் வந்த மனிதர், விற்பனைக்கு என்று வந்தபோது மேட்டை வெளியிலிருந்து, கோயிலோடும் சிலுவையோடும் சேர்த்துத்தான் எடுத்திருக்கிறார். வேறு எப்படி எடுப்பது? உள்ளே இருப்பது படத்தில் விழாது.

5

கவிஞர் கில்விக் 1907இல் பிறந்தது இதே கர்னாக்கில். லெ ரூஸிக் மேட்டைத் தோண்டி முடித்த வருஷம். தந்தை கடலோடியாக இருந்து போலீஸ்காரரானவர், மாற்றல் வாழ்க்கை. கில்விக் பத்திரப்பதிவு இலாகாவில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, அரசாங்க உத்தியோகத்திலேயே காலம் கழித்தவர். கத்தோலிக்கராக வளர்ந்து, விசுவாசத்தை விட்டு, 1942இல் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். பென்குயின் வெளியிட்ட நவீன ஐரோப்பியக் கவிஞர்கள் வரிசையில் அவருடைய தேர்ந்தெடுத்த கவிதைகள் 1974இல் வந்தது. மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடையில் அதை நான் வாங்கினபோது முதுகு கிழிந்திருந்தது. நம்மில் பலரும் அந்த வரிசையைப் பிடித்துக்கொண்டுதானே ஐரோப்பாவுக்குள் போய் வந்தோம்.

1961இல் அவர் எழுதிய நீள்கவிதை நூலின் பெயரே ‘கர்னாக்’. ஜான் மாண்டேகுவின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1999இல் வந்தது. அந்தப் பெயரைப் பார்த்துவிட்டுப் போகிற வாசகன் கற்களின் ரகசியம் திறக்கும் என்று எதிர்பார்ப்பான். ஆனால் புத்தகம் நெடுக அவர் பேசிக்கொண்டிருப்பது கடலிடம். நாலு வரி, ஐந்து வரிக் குறுங்கவிதைகள். கடலை முன்னிலையில் வைத்து, வழக்குப் பேசுவது போல. கற்களும் வருகின்றன, ஊரில் தினம் கண்ணில் படும் ஒன்று எப்படி வருமோ அப்படி. அவை எதற்கும் சின்னமாக ஆக்கப்படவில்லை.

இந்தக் கட்டுப்பாடு சுலபமானதல்ல. அந்த மண்ணில் பிறந்தவன், விசுவாசம் இழந்தவன், ஒரு சித்தாந்தத்தை ஏற்றவன். சிலுவைக்கு எதிராகக் கல்லைத் தூக்கிப் பிடிக்க அவனுக்கு எல்லா வசதியும் இருந்தது. ஆதி மக்களின் உழைப்பு என்று பாட ஒரு கட்சியும் இருந்தது. இரண்டையும் செய்யாமல், கல்லின் பக்கத்தில் நின்றுகொண்டு, கடலைப் பார்த்து அவன் பேசுகிறான். கல்லின் மௌனம் அந்தப் பேச்சில் எங்கோ சேர்ந்துவிடுகிறது. அதை மொழிபெயர்த்துச் சொல்ல அவன் முன்வரவில்லை.

இதை ஃப்ளாபேரின் மறுப்போடு குழப்பிக்கொள்ளக் கூடாது. ஃப்ளாபேர் கல்லில் ஒன்றும் இல்லை என்றார். கில்விக் அதில் இருப்பது தன்னுடையதல்ல என்று தெரிந்தவர்.

6

இப்போது என் விஷயம்.

நண்பன் 1986இல் இறந்துபோனான். நாற்பத்தொரு கவிதைகளை ஒரு பள்ளிக்கூட நோட்டில் விட்டுப்போயிருந்தான். பலவற்றுக்குத் தலைப்புக் கிடையாது. 1988இல் அவற்றைத் தொகுத்து அச்சிட்டவன் நான். இருபத்திரண்டு பக்கம் முன்னுரை எழுதினேன். தலைப்பில்லாதவற்றுக்குத் தலைப்பு வைத்தேன். அப்போது அது தொண்டு என்று தோன்றியது.

அதில் ஒன்பது வரிக் கவிதை ஒன்று. ஒருவன் ஒரு கல்லைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவில் நடக்கிறான். மூன்று முறை இறக்கி வைக்கிறான். போய்ச் சேர்ந்ததும் கல்லுக்கு ஓர் இடம் கிடைக்கிறது, அவன் நின்றுகொண்டிருக்கிறான். இவ்வளவுதான். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவன். சிலுவை சுமந்த ஏசு மூன்று முறை விழுவது கோயில் சுவரில் பார்த்து வளர்ந்தவன். மூன்று முறை என்ற சொல்லைக் கண்டதும் எனக்குக் கதவு திறந்துவிட்டது. ‘சிலுவைப் பாதை’ என்று தலைப்பு வைத்தேன். முன்னுரையில் ஆறு பக்கம் அதற்கே. கடவுள் இல்லாத காலத்தில் சிலுவை சுமப்பவனின் அபத்தம் என்றெல்லாம் எழுதினேன். அந்தக் கவிதை அந்தத் தலைப்போடு தொகுப்புகளில் இடம்பெற்றது. ஒரு மாணவர் ஆராய்ச்சிக் கட்டுரையும் எழுதினார். அவனுடைய கவிதைகளில் பிழைத்தது அது ஒன்றுதான் என்றுகூடச் சொல்லலாம். பிழைக்க வைத்தது என் முன்னுரை என்று எனக்குள் ஒரு பெருமிதமும் உண்டு.

2003இல் புதுச்சேரியில் அவன் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பிட்டு எழுந்த பிறகு கேட்டாள்: “அண்ணே, அந்தக் கல்லுப் பாட்டுக்குப் பேரு அவன் வச்சதா, நீங்க வச்சதா?”

“நான்தாம்மா வச்சேன்.”

“அது எங்க அம்மாவோட அம்மி, அண்ணே. அம்மா செத்த வருஷம் வீடு மாத்துனோம். வண்டிக்காரன் பாரம் ஜாஸ்தின்னு அத இறக்கிப் போட்டுட்டுப் போயிட்டான். இவன் தோள்ல தூக்கிட்டு வந்தான். வழியில மூணு எடத்துல வச்சு வச்சுத்தான் தூக்குனான். நான் கூட வந்தேன்.”

கொல்லைப் பக்கம் கூட்டிப்போய்க் காட்டினாள். நடுவே குழிந்த பழைய அம்மி. ஈரமாக இருந்தது. அன்று எனக்குப் போட்ட மீன் குழம்புக்கு அதில்தான் அரைத்திருந்தாள்.

என் தலைப்பு பொய் என்று இதனால் ஆகிவிடவில்லை. மூன்று என்று எழுதும்போது அவனுக்கும் கோயில் சுவர் ஞாபகம் வந்திருக்கலாம். நாலு தடவை வைத்திருந்தாலும் மூன்று என்றே எழுதியிருக்கலாம். அம்மி என்று தெரிந்ததால் கவிதை விளங்கிவிட்டது என்றும் ஆகாது. அம்மி என்று எழுத அவனுக்கு வராதா? கல் என்றுதான் எழுதினான். அம்மி என்பது ஆல்ப்ஸில் கண்டெடுத்த இடம் மாதிரி: கல் எங்கிருந்து வந்தது என்று தெரியும், அதைக் கொண்டுவந்து வைத்தவனின் மனம் மறுபடியும் அந்த மண்ணில்தான் கரைந்திருக்கிறது.

நான் செய்த தப்பு அர்த்தம் கண்டது அல்ல. கண்ட அர்த்தத்தைக் கவிதையின் உச்சியில் நட்டது. நட்டவன் நான் என்று எங்கும் சொல்லாமல் விட்டது. முப்பது வருஷமாக அந்தக் கவிதையைப் படித்தவர்கள் என் சிலுவையைத்தான் முதலில் பார்த்தார்கள். அதை அவன் வைத்ததாகவே நினைத்தார்கள். மிக்கேல் கோயிலைக் கட்டியவர்களுக்கு அடியில் இருப்பது தெரியாது. எனக்கு அந்தச் சமாதானமும் இல்லை. கையெழுத்துப் பிரதியில் தலைப்பு இல்லாத இடத்தை என் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் நிரப்பினேன். நான் செய்தது ஸாங் உஸெக்.

7

இப்போது இளைஞர் ஒருவர் அந்தத் தொகுதியை மறுபடி பதிப்பிக்க முன்வந்திருக்கிறார். முன்னுரையையும் தலைப்புகளையும் என்ன செய்யலாம் என்று கேட்டு எழுதியிருக்கிறார். எல்லாவற்றையும் உரித்து எறிந்துவிட்டு, நோட்டில் இருந்தபடியே போட்டால் ‘மூலம்’ கிடைத்துவிடும் என்பது அவருடைய ஆசை. அவர் வயதில் எனக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

மேட்டின் மேலிருந்து கோயிலை எடுத்துவிட்டால் கி.மு. 4500 திரும்ப வந்துவிடாது. கோயிலை எடுத்த மேடு என்ற புதிய பொருள் ஒன்றுதான் வரும். சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ பழைய கற்கள் வீட்டுச் சுவருக்கும் வயல் வேலிக்கும் போய்விட்டன. தலையில் ஒரு கோயிலைச் சுமந்துகொண்டு இந்த மேடு நிற்கிறது. 2025இல் யுனெஸ்கோ கர்னாக்கின் பெருங்கற் சின்னங்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதுவும் ஓர் அடுக்கு. அடுக்குகளைத் தடுக்க முடியாது. எந்த அடுக்கு எவருடையது, எந்த வருஷத்தது என்று தெரிய வேண்டும்; அது தெரியும்படி எழுதிவைப்பதுதான் விமர்சகனின் வேலை என்று நான் இப்போது நினைக்கிறேன். குழி வெட்டுகிறவன் குழியின் சுவரில் மண்ணின் நிறம் மாறும் இடங்களைக் கோடு போட்டுக் காட்டுகிறானே, அந்த வேலை. கோபுரம் கட்டுவதை விடச் சின்ன வேலை. நாம் அதை அதிகம் செய்ததில்லை.

ஆகவே பதிப்பாளருக்கு இப்படி எழுதியிருக்கிறேன். நான் வைத்த தலைப்புகள் போக வேண்டும். அவன் வைத்தவை இருக்கட்டும். தலைப்பில்லாதவை எண்களோடு வரட்டும். என் முன்னுரை புத்தகத்தின் கடைசிக்குப் போகட்டும். அதன் தலையில் 1988 என்ற வருஷம் இருக்கட்டும். ஒரு சொல்லும் திருத்த வேண்டாம். அந்த ஒன்பது வரிக் கவிதை ‘சிலுவைப் பாதை’ என்ற பெயரில் இத்தனை காலம் அறியப்பட்டது, அந்தப் பெயரை வைத்தது தொகுத்தவன் என்பதையும் அங்கே ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடலாம்.

அம்மி விஷயத்தை எழுதலாமா என்று தங்கையிடம் கேட்டேன். “எழுதுங்கண்ணே. ஆனா அந்தப் பாட்டு பக்கத்துல போட வேணாம்” என்றாள். இருபத்திரண்டு பக்கத்தில் எனக்கு வராத ஞானம். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

பதிப்பாளருக்கு அந்தத் தபால் அட்டையைப் பற்றியும் சொல்லியிருந்தேன். மேடும் சிலுவையும் மிகப் பொருத்தம், புத்தகத்தின் மேலட்டைக்கு அதையே போட்டுவிடலாம் என்று உற்சாகமாகப் பதில் எழுதியிருக்கிறார். வேண்டாம் என்று எழுதிப் போட்டேன்.